நான்காவது தொட்டிக்குப் போகாத காற்று

ஒன்று புள்ளி இரண்டு.

இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தகடு வெட்டிச் செய்த செவ்வகக் காற்றுக் குழாய் ஒன்று, தெருமுனையில் திரும்புவதுபோல வெடுக்கென்று தொண்ணூறு டிகிரி திரும்பினால், அந்த ஒரு மூலைக்கான எண் இது. ஓடுகிற காற்றின் அழுத்தத்தை இதால் பெருக்கினால், அந்த மூலையில் எவ்வளவு அழுத்தம் செத்துப்போகிறது என்று தெரியும். அதே திருப்பத்தை உருட்டி, நன்றாக வளைத்துச் செய்தால் எண் வெறும் புள்ளி இரண்டு. ஆறில் ஒரு பங்கு. இந்த வித்தியாசம் தெரியாததால் ஒரு மனிதனின் பெயர் போனது. ஒரு பெண்ணின் மூக்கு போனது. இரண்டு பேரும் எங்கள் ஊர், கோலார் தங்கவயல்.

மனிதனின் பெயர் மாணிக்கராஜ். வயது ஐம்பத்தேழு. தங்கவயலின் ஊரிகத்தில் பிறந்தவர், சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய அதே லைன் வீட்டில் இன்னும் இருப்பவர். தாத்தா காலத்தில் ஆற்காடு பக்கத்திலிருந்து வந்த குடும்பம். இருபது வயதில் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. தங்கத்தைத் தொடாத வேலை. வென்டிலேஷன் செக்‌ஷன். பூமிக்கு அடியில் பாறையைக் குடைந்துகொண்டே போவார்கள். குடைகிற இடம் முட்டுச்சந்து, அங்கே காற்று தானாக வராது. மின்விசிறி வைத்து, பெரிய உருண்டைக் குழாய்களை ஒன்றோடு ஒன்று கோத்து, அந்த முட்டுச்சந்து வரைக்கும் காற்றைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதைப் பதின்மூன்று வருடம் செய்தார்.

அந்த செக்‌ஷனுக்கென்று இரண்டு பழக்கம் இருந்தது. ஒன்று, புறங்கையை எச்சில் தொட்டு ஈரமாக்கிக் குழாய் வாயில் காட்டுவது. கை குளிர்ந்தால் காற்று இருக்கிறது. இரண்டாவது, வளைவுக் கணக்கு. குழாய் எத்தனை அடி நீளம் என்று அளந்துவிட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் பத்தடி கூட்டிக்கொள்வது. நூறடிக் குழாயில் மூன்று வளைவு என்றால் நூற்று முப்பதடிக்கு விசிறி கேள். அவ்வளவுதான். பேப்பர் வேண்டாம், பேனா வேண்டாம். எந்த மேஸ்திரி ஆரம்பித்து வைத்தாரோ தெரியாது, சுரங்கத்துக்கு இறங்குகிற எல்லா ஷாஃப்டிலும் இதே கணக்குதான் ஓடியது. தப்பான கணக்கும் கிடையாது. சுரங்கத்துக் குழாய் உருண்டை. அது வளைகிற இடத்தில் பாம்பு மாதிரி நிதானமாக வளையும். அதற்குப் பத்தடி சரியாகவே இருந்தது.

2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். மூடக்கூடாது என்று கத்தியவர்களில் நானும் ஒருவன்; சங்கத்துக்காக நான் எழுதிய நோட்டீஸ்களை அடுக்கினால் ஓர் ஆள் உயரம் வரும். அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். மாணிக்கராஜ் கூட்டத்துக்கு வருவார், கடைசி வரிசையில் நிற்பார், கோஷம் போடமாட்டார். மூடிய அடுத்த மாதமே, எங்கள் மாரிகுப்பத்திலிருந்து தினமும் பெங்களூர் போய்வருகிற ரயிலில் ஏறிவிட்டார். பெங்களூரில் கட்டடங்களுக்குக் காற்றுக் குழாய் மாட்டுகிற வேலை. அங்கே அதற்கு டக்ட் என்று பேர். தகடு தூக்குகிற கூலியாகப் போனவர், பத்து வருடத்தில் சூப்பர்வைசர். காரணம் அந்தத் தலைக்கணக்கு. இடத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, "இத்தினி அடி, இத்தினி வளைவு, இந்த விசிறி போதும்" என்று சொல்லிவிடுவார். சொன்னால் ஓடும். ஊரில் அவருக்குக் 'காத்து மாணிக்கம்' என்று பேர் விழுந்தது. கல்யாணப் பந்தலில் அடுப்பை எந்தப் பக்கம் வைக்கலாம் என்றுகூட அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

அந்த இருபது வருடமும் ஓடியதற்குக் காரணம், அவர் மாட்டியதெல்லாம் ஹோட்டல், கடை, ஆபீஸ். இரண்டு மூன்று வளைவு. விசிறியை எப்போதும் ஒரு சைஸ் பெரிதாகவே வாங்குவார்கள். கணக்கில் இருந்த ஓட்டையைப் பெரிய விசிறி மூடிக்கொண்டிருந்தது.

2022-இல், பெங்களூர் போகிற வழியில், மாலூர் பக்கம் ஒரு குரோமியம் பூச்சு ஷெட். பேர் சொல்லமாட்டேன். இரும்புச் சாமானுக்குப் பளபளவென்று மேல்பூச்சு கொடுக்கிற இடம். நான்கு தொட்டி. தொட்டிக்குள் கரைசல், அதில் மின்சாரம். கரைசல் நுரைத்து மஞ்சளாக ஒரு பூந்தூறல் எழும்பும். அதை மூச்சில் இழுத்தால் மூக்கின் உட்பக்கத்தை அரித்துவிடும். அதனால் ஒவ்வொரு தொட்டி விளிம்பிலும் ஒரு வாய் வைத்து, அதை உறிஞ்சி, குழாய் வழியாக வெளியே தள்ள வேண்டும். காண்டிராக்ட் எடுத்தவர் சரத் என்ற என்ஜினீயர். மாணிக்கராஜின் முதலாளி.

ஷெட்டின் கூரை தாழ்வு. குறுக்கே உத்திரங்கள், ஒரு பரண், பக்கத்துக் கம்பெனிச் சுவர். ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு குழாய் போக வேண்டும். உருண்டைக் குழாய்க்கு உயரம் இல்லை, எனவே தட்டையான செவ்வகக் குழாய். அறுநூறு மில்லி அகலம், முந்நூறு உயரம். அமிலக் காற்று என்பதால் பிளாஸ்டிக் தகடு. தகட்டை உருட்டி வளைவு செய்ய நாளாகும், வேஸ்டும் அதிகம். நேராக வெட்டி மூலையில் ஒட்டினால் ஒரு மணி நேரம். சரத் மூலையே போதும் என்றார். மாணிக்கராஜ் சரி என்றார். அவர் கணக்கில் வளைவு என்றால் வளைவு. உருண்டை, மூலை என்று பிரிவினை கிடையாது.

மொத்தம் ஏழு மூலை. ஏழு பத்து எழுபது அடி. தலையிலேயே கூட்டி, முந்நூற்று ஐம்பது பாஸ்கல் அழுத்தத்துக்கு விசிறி கேட்டார். பாஸ்கல் என்பது அழுத்தத்துக்கான அளவு. நமக்கு எண் போதும். வேலை முடிந்த அன்று விசிறியைப் போட்டார்கள். மாணிக்கராஜ் நான்கு வாயிலும் ஈரக் கையைக் காட்டினார். நான்கிலும் கை குளிர்ந்தது. நான்கு தொட்டிக்கும் போதுமான காற்று வருகிறது என்று சரத் ஒரு சர்ட்டிஃபிகேட் டைப் அடித்து வைத்திருந்தார். 'கணக்கிட்டவர், சோதித்தவர்' என்ற இடத்தில் மாணிக்கராஜ் கையெழுத்துப் போட்டார். தமிழில்.

மூக்கு போன பெண் பாக்கியவதி. மாரிகுப்பத்திலிருந்து அதே ரயிலில் மாலூர் போய் வந்தவர். நாற்பத்தொரு வயது. நான்காவது தொட்டியில் சாமான் முக்கி எடுப்பது அவர் வேலை. போன வருடம் ஒரு காலையில் என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணா, ஒரு பெட்டிஷன் எழுதணும்."

"இன்னா விஷயம்?"

"மூக்குல ஓட்டை."

சிரித்துக்கொண்டே சொன்னார். முதலில் எனக்குப் புரியவில்லை. இரண்டு மூக்குத் துவாரத்துக்கும் நடுவில் இருக்கிற சுவரில் ஓட்டை. ஒரு பக்கம் டார்ச் அடித்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறது. மூச்சு விட்டால் விசில் சத்தம். என் முன்னால் உட்கார்ந்து மூச்சு விட்டபோது நானே கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரு தூக்கத்துல எந்திரிச்சி உக்காந்துக்கினு, ரயிலு வந்துடுச்சான்னு கேக்குறாரு" என்றார். "வாசனை ஒண்ணும் தெரிய மாட்டேங்குதுண்ணா. பால் பொங்கி வழிஞ்சி தீஞ்சி போச்சி, பக்கத்துலயேதான் நிக்கிறேன், தெரில."

"கம்பெனில இன்னா சொல்றாங்க?"

"மூக்க நோண்டாதேன்னு சொல்லி அனுப்பிச்சிட்டாங்க. அங்க நிக்கிற எல்லாருக்கும் ரத்தம் வருதுன்னேன். உடனே ஒரு பேப்பர எடுத்துக் காமிச்சாங்க. நாலு தொட்டிக்கும் காத்து சரியாக் கீதுன்னு எழுதிக்கீதாம். உங்க ஊர் ஆளுதான் கையெழுத்துப் போட்டுக்கீறாருன்னு சொன்னாங்க."

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. தன் மூக்கு இனி திரும்பாது என்று அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அந்தத் தொட்டியில் காற்று வரவேண்டும். அதற்கு அந்த சர்ட்டிஃபிகேட் பொய் என்று நிரூபிக்க வேண்டும். போட்ட கையெழுத்தை, போட்டவரே வந்து அழித்தால்தான் உண்டு.

நான் ஊரிகத்துக்குப் போனேன். மாணிக்கராஜ் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். செயினை விடாமலே கேட்டார்.

"யாரு சொன்னது காத்து வரலன்னு?"

"மூக்கு சொல்லுது."

"காம்ரேட், பூமிக்கு அடியில எண்பதாவது லெவல்ல காத்து கொண்டாந்து குடுத்தவன் நானு. மாலூர்ல ஒரு கோழிக் கூண்டு ஷெட்டு, அதுல எனக்குக் காத்து தெரியாதா? நாலு வாயிலயும் நான் கை வெச்சிப் பாத்தேன்."

"கை வெச்சா போதுமா?"

"போதாதுன்னா நீங்க வந்து மூக்க வெச்சிப் பாருங்க" என்றார்.

அவர் மனைவி குணசுந்தரி உள்ளே இருந்து டீ கொண்டுவந்தார். நான் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் விடவில்லை. எங்கள் ஊரிலேயே மைசூர் மைன்ஸ் என்கிற பகுதியில் ரெபேக்கா என்று ஒரு பெண். சர்ச் தெருக் குடும்பம். பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் டக்ட் வரைகிற வேலை. அவளும் அதே ரயில். நான் அவளிடம் சர்ட்டிஃபிகேட் நகலில் இருந்த குழாயின் அளவுகளைக் கொடுத்து, பார்த்து வை என்றேன். அடுத்த திங்கட்கிழமை நானும் ரயில் ஏறினேன்.

காலை வண்டி. மாணிக்கராஜின் வழக்கமான இடம், சீட்டாடுகிற கோஷ்டிக்குப் பக்கத்து ஜன்னல். ரெபேக்கா எதிரில் உட்கார்ந்தாள். என் பழைய நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"அங்கிள், ஒரு வளைவுக்கு எவ்ளோ போடுவீங்க?"

"பத்தடி."

"எல்லா வளைவுக்குமா?"

"வளைவு வளைவுதானம்மா. இதுல கவர்மென்ட் வளைவு, பிரைவேட் வளைவுன்னு கீதா?"

சீட்டுக்கட்டுக்காரர்கள் சிரித்தார்கள். ரெபேக்கா சிரிக்கவில்லை.

"காத்து வேகம் செகண்டுக்குப் பத்து மீட்டர். கரெக்டா?"

"கரெக்டு."

"பத்தைப் பத்தால பெருக்குனா நூறு. அத்த புள்ளி ஆறால பெருக்குனா அறுபது. ஓடுற காத்தோட அழுத்தம் அறுபது பாஸ்கல். இது எந்த டக்டா இருந்தாலும் மாறாது. இப்ப வளைவுக்கு வாங்க. உருட்டி செஞ்ச வளைவுக்கு எண்ணு புள்ளி ரெண்டு. அறுபதுல புள்ளி ரெண்டு எவ்ளோ?"

"பன்னெண்டு."

"உங்க பத்தடி நேர்க் குழாய்க்கு எட்டு வரும். பன்னெண்டுக்கு எட்டு. கிட்டத்தட்ட சரி. உங்க மைன்ஸ் கணக்கு தப்பே இல்ல அங்கிள்."

மாணிக்கராஜ் என்னைப் பார்த்தார். ஜெயித்த பார்வை.

"ஆனா நீங்க மாலூர்ல போட்டது மூலை. மூலைக்கு எண்ணு ஒண்ணு புள்ளி ரெண்டு. அறுபது இன்ட்டு ஒண்ணு புள்ளி ரெண்டு?"

அவர் வாய்க்குள் பெருக்கினார். அவளே எழுதினாள். எழுபத்திரண்டு.

"நீங்க எட்டு போட்ட எடத்துல எழுபத்திரண்டு. காத்து நேரா வந்து சுவத்துல முட்டுது, உள் மூலைய விட்டுப் பிரிஞ்சி அங்கியே சுத்துது. அப்படி ஏழு மூலை. நீங்க அம்பத்தாறு போட்டிருக்கீங்க. ஐந்நூத்தி நாலு போகுது."

"இந்த எண்ணு எங்கேர்ந்து வந்துச்சி?"

"புக்குல கீது. சோதனை பண்ணி எழுதினது."

"புக்கு போட்டவன் கேஜ்ல ஏறி சுரங்கத்துக்குள்ள எறங்கிக்கீறானா?"

"அவன் எறங்கல அங்கிள். நீங்க எறங்கனீங்க. ஆனா மூலை மாலூர்ல கீது."

சீட்டாடுகிறவரில் ஒருவர், "காத்து மாணிக்கம், பொண்ணு உன் காத்தப் புடுங்கிட்டாளே" என்றார். மாணிக்கராஜ் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார். டேகல் ஸ்டேஷன் வந்தது, போனது. மாலூர் வந்தபோது இறங்கிவிட்டார். அவர் வேலை பெங்களூரில். மாலூரில் அவருக்கு வேலை எதுவும் இல்லை. நானும் இறங்கினேன். என்னை வேண்டாம் என்று கையைக் காட்டினார். நான் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார். குழாயைப் பார்க்கவேண்டும், ரிப்பேர் என்று சொல்லி உள்ளே போயிருக்கிறார். பிஸ்கட் பாக்கெட்டின் மெல்லிய பேப்பரை நாடாவாகக் கிழித்து ஒவ்வொரு தொட்டி விளிம்பிலும் பிடித்திருக்கிறார். முதல் தொட்டியில் நாடா விறைத்து வாய்க்குள் இழுத்துக்கொண்டது. இரண்டாவதில் இழுத்தது. மூன்றாவதில் ஆடியது. நான்காவதில் அப்படியே தொங்கியது. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண் முன்னால் மஞ்சள் தூறல் வாய்ப் பக்கம் திரும்பாமல் நேராக மேலே, சாமான் முக்குகிற பெண்களின் முகத்துக்கு, ஏறியிருக்கிறது.

"வாய்க்குள்ள கைய உட்டா இப்பவும் சில்லுனுதான் கீது" என்றார். "வாய்க்கு வெளிய ஒரு சாண் தள்ளிப் புடிச்சா ஒண்ணுமே இல்ல காம்ரேட். நான் ஒரு சாண் தள்ளிப் பாக்கல."

முட்டுச்சந்தில் காற்று வந்து விழுந்தால் போதும், ஆள் பிழைப்பான். ஈரக் கை அதைச் சரியாகச் சொல்லும். தொட்டியில் வாய்க்குள் போகிற காற்று, எதிர் விளிம்பிலிருந்தே தூறலை இழுத்து வரவேண்டும். அது வேறு வேலை. சுரங்கத்துக்காரன் கை அதை அளக்காது. எங்கள் ஊர் ஆள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. வேறு ஊர்க்காரனாக இருந்தால், தெரியாது என்று எவனையாவது கேட்டிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ரெபேக்காவிடம் வாங்கிய இரண்டு பக்க அட்டவணை, ஒரு நாற்பது பக்க நோட்டு. கால்குலேட்டர் தொடவில்லை. ஒவ்வொரு மூலையையும் தனியாக எழுதினார். முதல் மூலை, உத்திரத்துக்குக் கீழே, எழுபத்திரண்டு. இரண்டாவது, உத்திரம் தாண்டி, எழுபத்திரண்டு. ஏழும் ஒரே எண்தான், ஏழு தடவை எழுத வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் எழுதினார். கடைசியில் கூட்டினார். விசிறியிடம் கேட்டிருக்க வேண்டியது எண்ணூறுக்குப் பக்கம். கேட்டது முந்நூற்று ஐம்பது. பாதிகூட இல்லை. அந்தக் குறைந்த காற்றிலும் விசிறிக்குப் பக்கத்தில் இருந்த தொட்டிகள் தங்கள் பங்கை முதலில் எடுத்துக்கொண்டன. கடைசித் தொட்டிக்குத் தூறலை இழுக்கும் அளவுக்கு மிச்சம் போகவில்லை.

"இத்த எழுதி கையெழுத்து போட்டுக் குடு, மாணிக்கம்" என்றேன். "பெட்டிஷனோட வைக்கணும்."

குணசுந்தரி குறுக்கே வந்தார். "இன்னாத்துக்குண்ணா? சரத் சார் மூலையாப் போடச் சொன்னாரு, இவுரு போட்டாரு. கையெழுத்தும் அவுரு சொல்லித்தான் போட்டாரு. இப்ப இவுரு பேர இவுரே கெடுத்துக்கணுமா? ஊர்ல ஒருத்தன் மதிச்சி ஒரு வார்த்தை கேக்குறான்னா அது இந்தக் காத்து கணக்குக்குத்தான். அதுவும் போச்சின்னா இன்னா கீது எங்ககிட்ட?"

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இருந்தது. கம்பெனிக்காரன் சரத்தைக் காட்டுவான், சரத் இவரைக் காட்டுவார், இவருக்குக் காட்ட ஆள் கிடையாது. நாற்பது வருடம் சங்கத்தில் இருந்தவனுக்கு இது கைரேகை மாதிரித் தெரியும். அந்த மத்தியானம் அதை நான் சொல்லவில்லை. எனக்கு அந்தக் காகிதம் வேண்டியிருந்தது.

மாணிக்கராஜ் மனைவியைப் பார்க்காமல் கேட்டார். "பாக்கியவதி இன்னும் அந்தத் தொட்டிலயே நிக்குதா?"

"நிறுத்திட்டாங்க. வேற பொண்ணுங்க நிக்குது."

"எந்த ஊரு?"

"நம்ம ஊருதான்."

கையெழுத்துப் போட்டார். 'நான் செய்த கணக்கு தப்பு. ஏழு மூலைக்கும் தப்பு. நாலாவது தொட்டியில் காற்று இல்லை.' இதற்கு மேல் ஒரு வரி இல்லை. என் வாழ்க்கையில் நான் பார்த்த நோட்டீஸ்களில் இதைவிடச் சின்னது இல்லை.

பெட்டிஷனைத் தொழிற்சாலைத் துறைக்கு அனுப்பினோம், மூன்று மாதம் கழித்து விசாரணை. ஓர் அதிகாரி, கம்பெனி மேனேஜர், சரத், பாக்கியவதி, நாங்கள். அதிகாரி நல்ல மனிதர்தான். கன்னடத்தில் பொறுமையாகக் கேட்டார்.

"இந்த சர்ட்டிஃபிகேட்டிலும் உங்கள் கையெழுத்து. இந்தக் கடிதத்திலும் உங்கள் கையெழுத்து. எது உண்மை?"

"ரெண்டாவது, சார்."

"உங்களுக்கு என்ன படிப்பு?"

"எட்டாங்கிளாஸ்."

மேனேஜர் சரத்தைப் பார்த்தார். சரத் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சார், இவர் மேல நாங்க நம்பிக்கை வெச்சிட்டோம். இருபது வருஷ அனுபவம். தப்பா கணக்கு குடுத்து எங்களையும் ஏமாத்திட்டார்."

"மூலையாகச் செய்யச் சொன்னது யார்?" என்று அதிகாரி கேட்டார்.

நான் மாணிக்கராஜின் காலை மிதித்தேன். சொல்லு, சரத் என்று சொல்லு. அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

"மூலை போட்டா போதும்னு அவுரு சொன்னாரு. போதாதுன்னு சொல்ல வேண்டியவன் நானு. சொல்லல. எனக்குத் தெரில. தப்பு என்னுது, சார்."

மேனேஜர் அதை உடனே எழுதிக்கொண்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மாணிக்கராஜ் பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்தார். ரெபேக்கா வரைந்து கொடுத்தது. ஏழு மூலைக்கும் பதிலாக ஏழு உருட்டு வளைவு. அதே விசிறி போதும், நான்காவது தொட்டிக்கும் காற்று போகும்.

"சார், தகடு மட்டும் வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க. நானே வந்து மாத்திக் குடுக்கறேன். கூலி வேணாம்."

அதிகாரி வரைபடத்தைப் பார்த்தார், ஃபைலில் வைத்தார். வைத்த இடத்தில் அது இருக்கிறது.

உத்தரவு தபாலில் வந்தது. காற்று குறைவு என்பது நிரூபணம். குறைக்குக் காரணம் கணக்கிட்டவரின் பிழை. நான்காவது தொட்டிக்கு அறுபது நாளில் 'தகுந்த வழியில்' காற்றோட்டம் ஏற்படுத்த வேண்டும். படித்துவிட்டு ஜெயித்துவிட்டோம் என்று நான் பாக்கியவதிக்குப் போன் செய்தேன். அவர் அழுதார். அழுகையோடு விசிலும் கேட்டது. 'தகுந்த வழியில்' என்ற இரண்டு வார்த்தையை நான் நின்று படித்திருக்க வேண்டும். எத்தனை ஒப்பந்தங்களில் இதுபோன்ற வார்த்தைகளைக் கோடு போட்டு அடித்தவன் நான்.

சரத் மாணிக்கராஜை அந்த வாரமே நிறுத்தினார். மற்ற காண்டிராக்டர்களுக்கும் உத்தரவின் நகல் போனது. யார் அனுப்பினார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. ஊரில் பேர் மாறியது. 'காத்து மாணிக்கம்' போய்ப் 'பத்தடி' ஆனது. டீக்கடையில், "பத்தடி தள்ளி நில்லுப்பா, காத்து வரட்டும்" என்றான் ஒருவன். மாணிக்கராஜ் தள்ளி நின்றார். அந்த ஆளை நான் திட்டினேன். மாணிக்கராஜ் என்னைத்தான் தடுத்தார்.

"உடுங்க காம்ரேட். அவன் சொல்றது தப்பா இன்னா?"

வீட்டில் குணசுந்தரி அவரோடு பேசுவது குறைந்தது. என்னோடு பேச்சே இல்லை. டீயும் இல்லை. அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது.

அறுபத்தைந்தாவது நாள் மாணிக்கராஜ் மாலூர் போனார். வேலை எதுவும் இல்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. குழாயை மாற்றிவிட்டார்களா, வளைவை ஒழுங்காக உருட்டியிருக்கிறார்களா என்று பார்க்க. கேட்டில் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அவர் காம்பவுண்டுச் சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே சுவர் இடிந்த ஓர் இடம் இருக்கிறது.

அதன் வழியாகப் பார்த்ததைச் சாயந்திரம் என்னிடம் வந்து சொன்னார். உட்காரவில்லை, வாசலில் நின்றே சொன்னார். நான் நம்பாமல் மறுநாள் நானும் போய்ப் பார்த்தேன்.

ஷெட்டுக்குள் இருந்த குழாயை மூன்றாவது தொட்டியோடு வெட்டி, முனையைத் தகடு வைத்து ஒட்டிவிட்டார்கள். இப்போது மூன்று தொட்டிக்கும் காற்று நன்றாக வருகிறதாம். நான்காவது தொட்டியைத் தூக்கி ஷெட்டுக்கு வெளியே, காம்பவுண்டுச் சுவருக்கும் பின்சுவருக்கும் நடுவில் வைத்து, மேலே சிமென்ட் ஷீட் போட்டுவிட்டார்கள். குழாய் இல்லை. விசிறி இல்லை. மூலையும் இல்லை, வளைவும் இல்லை, கணக்கும் இல்லை. திறந்தவெளி, இயற்கைக் காற்றோட்டம் என்று எழுதி, போட்டோ எடுத்து அனுப்பி, ஃபைலை மூடிவிட்டார்கள். இரண்டு பக்கமும் சுவர் என்பதால் காற்று உள்ளே திரும்புவதில்லை. தூறல் ஷீட்டில் முட்டிக் கீழே இறங்குகிறது. நான் நின்ற கால் மணி நேரத்தில் என் தொண்டை கரகரத்தது.

அந்தத் தொட்டியில் ஒரு ஷிப்டுக்கு நிற்கிற பெண்கள், ஆறு பேர்.